காயாத பாதம்

புஷ்பமேரி செய்த தப்பைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஈரமாக இருந்த ஒரு சாமானை எடுத்து வெயிலில் காய வைத்தாள். அவ்வளவுதான். திண்டுக்கல்லில் இதைச் செய்யாத பொம்பளை யாராவது உண்டா? துணி, வத்தல், மிளகாய், மழையில் நனைந்த பள்ளிக்கூடப் புத்தகம், பேகம்பூர்ப் பக்கம் போனால் ஆட்டுத்தோல் வரைக்கும் வெயிலில்தான் காய்கிறது. ஆண்டவர் இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது கையை இழுத்துக்கொண்டார், வெயிலை மட்டும் அள்ளிக் கொட்டிவிட்டார். இந்த ஊரில் பிறந்தவள் வெயிலில் வைத்தது ஒரு குற்றமா என்று கேட்டால், இல்லைதான். குற்றம் அதற்கப்புறம் வருகிறது. செத்த நேரம் பொறுத்துக் கேளுங்கள்.

புஷ்பமேரி வேலை பார்த்தது சயோகோ என்கிற ஜப்பான்காரம்மா வீட்டில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சின்னாளப்பட்டியில் சேலை நெய்வதைப் பார்க்க ரெண்டு வாரம் என்று வந்தவர். வந்தவர் போகவே இல்லை. ஏன் என்று கேட்டால், "இங்க யாரும் என்னைய அவசரப்படுத்தல" என்பார். தெருவில் இருந்த கிறிஸ்தவக் கோயிலுக்குச் சொந்தமான மொட்டைமாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மரக்கிண்ணம், தட்டு, நகைப்பெட்டி இவற்றுக்கெல்லாம் மெருகு போட்டு வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. தெருவில் பாதிப் பேர் வாய்க்கு 'சயோகோ' வரவில்லை, சயோம்மா ஆகிவிட்டார்.

மெருகு என்றால் டப்பாவில் விற்கிற வார்னிஷ் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நாட்டில் ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அந்தப் பாலை, பொம்பளைகளின் தலைமுடியில் கட்டிய தூரிகையால், மெல்லிசாக ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை பூச வேண்டும். காய்ந்துவிட்டால் கொதிக்கிற ரசத்தை ஊற்றினாலும் அசையாது. காயாமல் இருந்தாலோ பொல்லாதது. மேலே பட்டால் வீங்கும், கொப்புளம் கிளம்பும், ராப்பகல் அரிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே புஷ்பமேரியின் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வீங்கிப்போய், தெருவே அம்மை என்று முடிவு கட்டியது. சயோகோவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. நாற்பது வருஷமாகத் தொட்டுத் தொட்டு அவர் உடம்பு அதற்குப் பழகிவிட்டது.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்தப் பால் வெயிலில் காயாது. ஈரத்தில்தான் காயும். அதற்காகவே சயோகோ ஒரு மர அலமாரி வைத்திருந்தார். உள்ளே நாலு பக்கமும் நனைத்த துணியைத் தொங்கவிட்டு, பூசிய சாமானை நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். மூன்று வேளையும் துணியை நனைக்க வேண்டும். மழைக்காலத்தில் அவருக்குக் கொண்டாட்டம். பங்குனி சித்திரையில் சாமானையெல்லாம் மூடி வைத்துவிட்டு, "இந்த வெயிலு எனக்கு எதிரி" என்று புலம்புவார்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை வைக்க மாட்டார். ஊதிப் பார்ப்பார். வாயைக் கிட்டத்தில் வைத்து ஆவியோடு ஊதினால் மெருகின் மேல் பனி படரும். புஷ்பமேரிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "வெள்ளையா பனி வந்தா தூங்கிருச்சு. நீலமா வந்தா இன்னும் முழிச்சிருக்கு. முழிச்சிருந்தா கடிக்கும்." ஆறு வருஷத்தில் புஷ்பமேரி ஊதிப் பார்த்த கிண்ணங்களுக்குக் கணக்கில்லை. வெள்ளை எது, நீலம் எது என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இந்த வீட்டுக்குள் அவள் தன் மகள் வினோலியாவை மட்டும் விடவே மாட்டாள். வினோலியாவுக்குப் பத்து வயது, ஒரே பிள்ளை. போன வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது யாரோ கொடுத்த மாங்காயைக் காம்போடு கடித்துவிட்டாள். மாங்காய்ப் பால் பட்டு எல்லாருக்கும் வாய் வேகும், ரெண்டு நாளில் ஆறிவிடும். இவளுக்கு உதடு வீங்கி, நாக்கு வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போகும்போது பிள்ளை மூச்சுக்கு இழுத்த சத்தம் இன்னும் புஷ்பமேரியின் காதில் இருக்கிறது. "இனிமே இந்த மாதிரி மரப்பால் எதுவும் பாப்பா வாயில படவே கூடாது. அடுத்த தடவ இம்புட்டு நேரம் கெடைக்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சயோகோவிடம் கேட்டபோது, "ஆமா, மாமரமும் எங்க மரமும் சொந்தக்காரங்க" என்றார்.

இனி அவள் வெயிலில் வைத்த சாமானுக்கு வருவோம். அந்தத் தெருக் கோயிலில் ஒரு பாடுபட்ட சுரூபம் உண்டு. சிலுவையில் அறைந்த ஆண்டவர், ஒன்றரை முழ உயரம், பழைய மரம். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அதைக் கீழே இறக்கி வைப்பார்கள். சனமெல்லாம் செருப்பில்லாமல் வரிசையில் வந்து முழங்கால் போட்டு, அந்தப் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்வார்கள். நூறு வருஷத்து உதடுகள் பட்டுப் பட்டுக் கால் விரல்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் தூசி தட்டும்போது, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சூசைமாணிக்கத்தின் கை தவறி, சுரூபம் விழுந்து, பாதம் முன்பக்கம் உடைந்துவிட்டது.

மதுரையில் ஒரு புதுச் சுரூபம் வாங்கலாம் என்றார்கள். சனம் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் புஷ்பமேரி பங்குச் சாமியாரிடம் வாயைத் திறந்தாள். "எங்க சயோம்மா ஒட்டிக் குடுத்தா உடைஞ்ச தடமே தெரியாது சாமி. நான் கூட இருந்து பாத்துக்கிறேன்."

சூசைமாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. "நம்ம வேதத்துல இல்லாத பொம்பள கையில ஆண்டவரக் குடுக்கவா?" என்று முணுமுணுத்தார். உடைத்தது யார் கை என்று யாராவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பங்குச் சாமியார் ரொனால்டு சின்ன வயசுக்காரர், புஷ்பமேரி பேச்சை நம்பினார்.

சயோகோ முதலில் மாட்டேன் என்றார். "இந்த மாசம் வேண்டாம். வெயிலு." சாமியார் நேரில் வந்து கெஞ்சியதும் மனசு இளகி எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் அந்தப் பாதத்தோடேயே குடியிருந்தார். ஒட்டினார், இழைத்தார், பூசினார், அலமாரியில் வைத்தார், மறுபடி பூசினார். கடைசிப் பூச்சு பெரிய வாரத்துத் திங்கட்கிழமை முடிந்தது. செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் விஷயமாக அவர் சென்னைக்குப் போயே தீர வேண்டும்.

கிளம்பும்போது புஷ்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கிழம வரைக்கும் அலமாரி. திறக்காத. துணி மட்டும் நனை. குடுக்கறதுக்கு முன்னால ஊதிப் பாரு. நீலமா இருந்தா குடுக்காத. சாமியார்ட்ட சொல்லு, பாதத்துல துணி சுத்தச் சொல்லு. வாய் படற எடம், புஷ்பா."

"நான் பாத்துக்கிறேம்மா" என்றாள் புஷ்பமேரி.

புதன்கிழமை காலையில் சூசைமாணிக்கம் வந்து வாசலில் நின்றார். "காஞ்சிருச்சா? காட்டு பாப்போம்." திறக்கக் கூடாது என்றாள். "ஈரத்துணிக்குள்ள வச்சா எப்பிடித்தா காயும்? ஒனக்குப் புத்தி எங்க போச்சு? வெள்ளிக்கிழம மூணு மணிக்கு சனம் வந்து நிக்கும், நீதான் பதில் சொல்லணும்" என்று போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் புஷ்பமேரி அலமாரியைத் திறந்து ஒரு தீக்குச்சியால் தொட்டுப் பார்த்தாள். குச்சி ஒட்டியது.

அந்த நிமிஷத்தில் ஆறு வருஷம் கற்றதெல்லாம் பறந்துபோய், பிறந்த ஊர் புத்தி மேலே வந்தது. சயோம்மா நாடு குளிர் நாடு, அங்கே வெயில் கிடையாது, அதனால் ஈரத்தில் வைக்கிறார்கள், இங்கே என்ன குறை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மாடியில் கூழ்வத்தலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, சுரூபத்தைக் கிடத்தி, தூசி படாமல் மெல்லிய துணி போர்த்தி, பாதத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டி வைத்தாள். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை.

நாலு மணிக்குத் தொட்டபோது முன்னைவிட மோசம். பால் இளகி, வெல்லப்பாகு மாதிரி குச்சியோடு நூலாக வந்தது. தீப்பட்டவள் போலச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். தூரிகையின் முனையால் பாதத்தை நீவிச் சரி பண்ணி, அலமாரியில் வைத்து, இருக்கிற துணியையெல்லாம் நனைத்துத் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் சயோகோ போன் பண்ணினார். "கதவு திறக்கலதான?"

"திறக்கலம்மா."

பொய் சொல்வது புஷ்பமேரிக்கு வழக்கமில்லை. மீன்காரியிடம்கூடப் பேரம் பேசத் தெரியாதவள். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

வியாழக்கிழமை முழுக்க அவள் அலமாரிக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். வீட்டில் கஞ்சிக்கு வெஞ்சனம் வைக்க மறந்தாள். புருஷன் பிராங்கிளின், பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர், "என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "உபவாசம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அலமாரியைத் திறந்தாள். விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டாள். ஒட்டவில்லை. உயிர் போய் உயிர் வந்தது. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பாதத்துக்குக் கிட்டத்தில் வாயை வைத்து, ஆவியோடு ஊதினாள்.

நீலம்.

மறுபடி ஊதினாள். நீலம். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து ஊதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதினாள். மெல்லிய நீலம் படர்ந்து, கொஞ்ச நேரம் நின்று, மறைந்தது. மேலே தோல் கட்டியிருக்கிறது, உள்ளே பால் முழித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

அப்போதுதான் வாசலில் சத்தம். சூசைமாணிக்கம் வெள்ளைத் துணியோடு வந்து நின்றார், கூட ரெண்டு பேர். "எடுத்துட்டு வா. அலங்காரம் பண்ணணும்." ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காயலை என்று. ஏன் காயலை என்று கேட்பார்கள். சயோம்மாவுக்குப் போன் போடுவார்கள். வெயிலில் வைத்தது தெரியும், பொய் சொன்னது தெரியும், வேலை போகும், தெரு முழுக்கச் சிரிக்கும். இதெல்லாம் ஒரே மூச்சில் அவள் தலைக்குள் ஓடியது. ஆண்டவருடைய பாதம்தானே, கடிக்குமா என்றுகூட நினைத்தாள். பாருங்கள், பயம் வந்தால் மனுசி எதையெல்லாம் துணைக்குக் கூப்பிடுகிறாள்.

சுரூபத்தைத் துணியில் ஏந்திக் கொடுத்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்குத் திருச்சி பக்கத்திலிருந்து சயோகோவின் போன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "புஷ்பா, ஊதிப் பாத்தியா? என்ன நிறம்?"

"வெள்ளைதாம்மா."

"நல்லா வெள்ளையா?"

"நல்ல வெள்ள."

"சந்தோசம்" என்றார் சயோகோ. அவர் சிரிப்பது போனில் கேட்டது.

வினோலியா பாட்டுக் குழுவில் இருந்தாள். பாட்டுக் குழு கோயிலுக்குள் மேல்தட்டில் நிற்கும், அங்கிருந்து இறங்கி வந்தால்தான் வரிசை. புஷ்பமேரி மகளுக்குத் தலை பின்னிவிடும்போது நாலு தடவை சொன்னாள். "ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு. பாட்டு முடிஞ்சதும் மேலயே இரு. முத்தி செய்ய வராத. அம்மா ஒனக்காகவும் சேத்துச் செய்றேன்."

"எனக்குச் சளியே இல்லியேம்மா."

"சொன்னா கேளு" என்று ஒரு குட்டு வைத்தாள். அதோடு தன் பிள்ளை தப்பித்தது என்று ஒரு மூலையில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பற்றிப் பிற்பாடு அவள் நினைக்காத நாள் இல்லை.

மூன்று மணிக்குக் கோயில் நிரம்பியது. பெரிய வெள்ளியில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் விழுந்தது. பொம்பளைகள் பக்கம் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பீடத்துக்கு முன்னால், சிவப்புத் துணிமேல் சுரூபம். பாதம் அவ்வளவு அழகாக இருந்தது. உடைந்த தடம் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. "நல்லா செஞ்சிருக்காய்யா அந்தம்மா" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

முதலில் ரொனால்டு சாமியார் செருப்பில்லாமல் நடந்து வந்து, முழங்கால் போட்டுக் குனிந்தார். சூசைமாணிக்கம் வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடைத்தார். அடுத்து அவரே குனிந்தார். அப்புறம் வரிசை. ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு துடைப்பு.

நிறுத்து, நிறுத்து என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது. புஷ்பமேரியின் வாய் திறக்கவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாது, மேலே தோல் கட்டிவிட்டதே என்று எண்ணினாள். பத்துப் பேர் போயிருப்பார்கள். அப்போது அந்தத் துணியைக் கவனித்தாள். வெள்ளைத் துணியின் நடுவில் டீத்தண்ணி பட்டது போல ஒரு கறை. உதட்டு ஈரமும் துடைக்கிற துணியும் சேர்ந்து தோலைக் கிழித்துவிட்டன. அடுத்த ஆள் குனிந்து எழுந்தார். கறை கொஞ்சம் பெரிதானது. அந்தச் சித்திரை வெக்கையில் புஷ்பமேரிக்குப் பல் அடித்துக்கொண்டது.

பக்கத்துத் தெரு ஐரின் தன் மகனோடு வரிசையில் போனாள். அந்தோணிராஜ், நாலு வயசு. தெருவில் போகிற நாய்க்குக்கூடத் தோத்திரம் சொல்கிற பிள்ளை. ஐரின் அவனைத் தூக்கிக் குனிய வைத்தாள். அவன் பெரியவர்கள் மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் வைக்கவில்லை. ரெண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வாயையும் கன்னத்தையும் அழுத்தி வைத்தான். "போதும்டா" என்று ஐரின் இழுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புஷ்பமேரி எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்துவிட்டாள் என்று எழுதுவதற்கே எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

மேலே பாட்டு நின்றது. மரப்படியில் தடதடவென்று காலடிகள். பாட்டுக் குழுப் பிள்ளைகள் வெள்ளைக் கவுன்களோடு இறங்கி வந்து வரிசைக்கு முன்னால் நின்றார்கள். சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுவது அங்கே வழக்கம். நாலாவதாக நின்றது வினோலியா.

புஷ்பமேரி கண்ணால் கூப்பிட்டாள். பிள்ளை பார்க்கவில்லை. கைகூப்பிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, அவ்வளவு பக்தியாக நின்றது. முன்னால் மூன்று பேர். ரெண்டு பேர். ஆட்டோவில் கேட்ட அந்த மூச்சுச் சத்தம் புஷ்பமேரியின் காதை அடைத்தது. வினோலியா முழங்கால் போட்டாள். குனிந்தாள்.

"வினோ, வாய வைக்காத."

பெரிய வெள்ளிக்கிழமை, இலை விழுந்தால் கேட்கிற கோயிலில், அந்தக் குரல் கூரையில் போய் முட்டியது. புஷ்பமேரி யார் காலை மிதித்தாள், யாரைத் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை மல்லாக்க விழுந்து அழுதது. உதட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு விரல்கடை இருந்திருக்கும்.

"யாரும் வாய வைக்காதீங்க. மேல பூசின பாலு காயல. பட்டா வீங்கும்."

ரொனால்டு சாமியார் ஓடி வந்தார். "ஒனக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

சனம் முழுக்க அவளைப் பார்த்தது.

"இப்பத்தான் சாமி. துணியில கறையப் பாத்தேன்."

அந்தப் பாதத்தைப் பற்றி அவள் சொன்ன மூன்றாவது பொய்.

சயோகோ நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நேராகக் கோயிலுக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து பாதத்தின்மேல் ஊதினார். நிமிர்ந்து புஷ்பமேரியை ஒரு பார்வை பார்த்தார். "நல்லெண்ண கொண்டாங்க, நெறைய. தண்ணி வேண்டாம், மொதல்ல எண்ண" என்றார். முத்தி செய்தவர்களையெல்லாம் உட்கார வைத்து, ஒவ்வொருவர் உதட்டையும் எண்ணெயில் நனைத்த பஞ்சால் தானே துடைத்துவிட்டார். வீட்டுக்குப் போய்விட்டவர்களை வீடு வீடாகத் தேடிப் போனார். முப்பது பேருக்கு மேல்.

எல்லாம் முடிந்து கோயில் வாசலில் தனியாக நின்றபோதுதான் கேட்டார். "போன்ல என்ன நிறம் சொன்ன?"

"வெள்ளைன்னு சொன்னேம்மா."

"பாத்தது?"

"நீலம்." கேட்காமலே மீதியையும் சொன்னாள். "வெயில்ல வச்சுட்டேம்மா. சொல்லப் பயமா இருந்துச்சு."

சயோகோ கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. "எனக்கும் பயம் வரும், புஷ்பா. ஒவ்வொரு தடவையும் வரும். அதுக்குத்தான் ஊதிப் பாக்கிறது" என்றார். பிறகு உள்ளே போய் சாமியாரிடம், "வேல என்னோடது. தப்பும் என்னோடதுதான். நான் ஊருக்குப் போயிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். புஷ்பமேரி வாசலில் நின்று அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் பாதியைத்தான் காப்பாற்றியது. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தெருவில் ஒவ்வொரு வீடாக முகங்கள் வீங்கத் தொடங்கின. சூசைமாணிக்கத்தின் உதடு தொங்கியது. சாமியாருக்குக் கன்னம் முழுக்கக் கொப்புளம். ஐரினின் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கண்ணே திறக்க முடியவில்லை என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிராங்கிளின் வந்து சொன்னார். புஷ்பமேரி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். அந்தோணிராஜுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இந்த ஒரு கேள்வி அவளை உட்கார விடவில்லை, படுக்க விடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம், சாமியார் வெளியே சொல்ல மாட்டார் என்று ஒரு யோசனை வந்தது. அதிலும் ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருப்பது அவளுக்கே தெரிந்து, பேசாமல் இருந்துவிட்டாள். வினோலியா முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் புஷ்பமேரிக்குப் பயம் கூடியது.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. வீங்கிய முகங்களோடு பாஸ்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். சயோகோ ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார். சூசைமாணிக்கம் தொங்குகிற உதட்டோடு பேசினார். "அன்னைக்கே சொன்னேன், யாரும் கேக்கல. சின்னப் புள்ளைக உசுரோட வெளாட்டா? இருக்கிறது கோயில் வீடு. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லுங்க." பல தலைகள் ஆடின. சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயோகோ யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தையே மரியாதையாகப் பார்த்தார். புஷ்பமேரி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அப்போது ஐரின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் அந்தோணிராஜ். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையின் முகம் எது கன்னம், எது கண் என்று தெரியாமல் இருந்தது. உதடு வெடித்து நீர் வடிந்தது. ஐரின் ஒற்றைக் கையால் புஷ்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேங்க்கா. உசுருக்கு பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க மட்டும் பாத்துக் கத்தலேன்னா இன்னும் எத்தன புள்ளைக இப்பிடிக் கெடந்திருக்குமோ. ஒங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல."

புஷ்பமேரி பிள்ளையைப் பார்த்தாள். வீங்கிய இமைக்குள்ளிருந்து ஒரு கோடாக அவனும் அவளைப் பார்த்தான். கையை எடுத்துக் கும்பிட்டுத் தோத்திரம் சொன்னான். வார்த்தை சரியாக வரவில்லை.

"எனக்குக் காலையிலயே தெரியும், ஐரினு."

"என்னக்கா?"

"வெள்ளிக்கெழம காலையில ஆறு மணிக்கே ஊதிப் பாத்தேன். காயலன்னு தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். வெயில்ல வச்சுக் கெடுத்தது நானு. சயோம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவுக கேட்டப்பயும் பொய்தான் சொன்னேன்." பிள்ளையை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். "ஒம் மவன் வாய வைக்கும்போது பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சேன். பயந்து உக்காந்துட்டேன்."

சூசைமாணிக்கம் பேச்சைப் பாதியில் விட்டார். பிராங்கிளின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐரின் பிடித்திருந்த கையை விட்டாள். மகனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று புஷ்பமேரி காத்திருந்தாள். ஐரின் அவளைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற வினோலியாவைத்தான் பார்த்தாள். நெற்றி, கண், கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சின்னப் பரு இல்லாத முகம்.

"ஒங்க மவ நல்லாருக்கால்லக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கா" என்றாள் புஷ்பமேரி.